சண்டையில்லாத ஜப்பான் படம்

பள்ளியில் ஜப்பான் கார்ட்டூன் படம் போடப் போகிறார்கள் என்றதும் ஐந்தாம் வகுப்பே குதித்தது. தேஜஸ்ரீ மட்டும் போய்க் கடைசியில் உட்கார்ந்தாள்.

“கத்திச் சண்டை இருக்கும். ரோபோ வரும் பாரு,” என்றான் பக்கத்தில் இருந்த தரணீதரன், என்னவோ அவனே எடுத்த படம் போல.

தேஜஸ்ரீக்குச் சண்டைப் படம் பிடிக்காது. இந்த வருடம் அவளுக்கு எதுவுமே பிடிக்கவில்லை. போன சித்திரையில் அவளுடைய அம்மா காய்ச்சலில் இறந்துபோனார்.

“அப்பா முன்னாடி அம்மா பேச்சை எடுக்காத கண்ணு, தாங்க மாட்டாரு,” என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் வாயைத் திறக்கவில்லை. அப்பா பிரபாகர் பனியன் கம்பெனியில் துணிகளுக்கு இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர். முன்பெல்லாம் ஒரு ஷிப்டோடு வந்துவிடுவார். இப்போது தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, நன்றாக இருட்டிய பிறகுதான் வந்தார். ‘சாப்பிட்டியா கண்ணு’, ‘சாப்பிட்டனுங்ப்பா’, அவ்வளவுதான் பேச்சு.

படம் தொடங்கியது. கத்தியும் இல்லை, ரோபோவும் இல்லை. ஒரு சின்ன ஊர். அங்கே பஸ் ஓட்டும் ஓர் அப்பா. பள்ளி விட்டதும் அதே பஸ்ஸில் ஏறி, அவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும் ஒரு சிறுமி. அவளுக்கும் அம்மா இல்லை. அவர்களும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

தேஜஸ்ரீ நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுக் கதை ஜப்பான்காரருக்கு எப்படித் தெரிந்தது?

ஒரு மழை நாளில் பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. “அம்மாவுக்கு மழை பிடிக்குமா?” என்று அந்தச் சிறுமி கேட்டாள். அப்பா பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். அழுதார். அழுதுகொண்டே சொல்ல ஆரம்பித்தவர், சொல்லச் சொல்லச் சிரித்தார்.

தேஜஸ்ரீயும் அழுதாள். அம்மா போன பிறகு முதல் தடவையாக அழுகை அவளுக்கு இதமாக இருந்தது.

“ரோபோ வராட்டியும் பரவால்ல,” என்று மூக்கை உறிஞ்சினான் தரணீதரன்.

அன்று அப்பா வந்ததும் சோறு போட்டு, படத்தின் கதையைச் சொன்னாள். பஸ் நின்ற இடம் வந்ததும் அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று பயந்தாள். ஆனாலும் கேட்டாள்.

“அம்மா என்னைய எப்படிக் கூப்புடுவாங்க? அந்தக் குரலு எனக்கு மறந்துட்டே வருதுங்ப்பா.”

அப்பாவின் கண்கள் நிறைந்தன.

“உன்ற முன்னாடி அழுகக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க கண்ணு. அதுதான் லேட்டாவே வந்தேன்.”

“எனக்கும் அதையேதானுங்ப்பா சொன்னாங்க.”

அப்பா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். இருவரும் அழுது முடிப்பதற்குள் சோறு ஆறிப்போனது.

“உங்கம்மா ஓவர்லாக் டெய்லரு,” என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நாளெல்லாம் மிஷின் சத்தத்துல கத்திக் கத்திப் பேசி, ஊட்டுக்கு வந்தாலும் அதே சத்தம்தான். நீ பக்கத்துல நின்னாலும், தெருக்கோடிக்குக் கேக்கற மாதிரிதான் கூப்புடுவா.”

ஆமாம், அப்படித்தான்! தேஜஸ்ரீக்குச் சிரிப்பு வந்தது. “கூப்புட்டுக் காட்டுங்ப்பா.”

அப்பா தொண்டையைச் செருமினார்.

“ஏ தேஜூ! சோறு ஆறுது, வா கண்ணு!”

அந்த வரிசை வீடுகளின் கதவுகள் திறந்தன. எதிர்வீட்டு மயிலாத்தாள் ஓடி வந்து, “என்னாச்சுங்க?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்கக்கா,” என்றாள் தேஜஸ்ரீ. “எங்கம்மா கூப்புட்டாங்க.”