கார் ஷெட்டில் காணாமல் போன பிளான்

காலை 9.10. கார் ஷெட்டில் கிடந்த மேசைமேல் செங்கல் மட்டும் இருந்தது. அதனடியில் வைத்த பிளானைக் காணவில்லை.

"நேத்து சாயங்காலம் நானேதான் வச்சேன் மேடம்," என்றார் வீட்டுக்காரர், பார்வையிட வந்திருந்த கட்டட ஆய்வாளரிடம்.

முத்திரை பதித்த அந்தப் பிளான் இல்லாமல் ஆய்வாளர் கையெழுத்துப் போட முடியாது. அனுமதியோ இன்றோடு காலாவதி. கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்கும் அம்மாவுக்காக, அப்பாவின் கார் நின்ற இடத்தை அறையாக மாற்றிக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர்.

"ஷட்டர்?"

"பூட்டு அப்படியே இருக்கு. சாவி என்கிட்டதான்."

"சமையலறைப் பக்கம்?"

அவர் மனைவி முந்திக்கொண்டார். "வாசல் திறந்துதான் கிடக்கு. ஆனா நேத்து ஆறு மணிக்குத்தான் அங்கிருந்து ஷெட்டுக்கு இறங்குற சரிவுக்கு சிமென்ட் போட்டாங்க. யார் வந்திருந்தாலும் கால்தடம் விழுந்திருக்குமே."

ஆய்வாளர் குனிந்தார். கால்தடம் இல்லை. சரிவின் நீளத்துக்கு இரண்டு மெல்லிய கோடுகள், போய் வந்த அழுத்தத்தோடு.

"இது?"

"கொத்தனார் வண்டி," என்றார் வீட்டுக்காரர்.

"கொத்தனார் வண்டிக்கு ஒத்தச் சக்கரம் சார். தள்ளுறவர் காலும் பதியும். தரையில கால் படாம ரெண்டு சக்கரத்துல போறவங்க இந்த வீட்ல ஒருத்தர்தான். வரும்போது கூடத்துல பார்த்தேன்."

9.25. சக்கர நாற்காலியில் இருந்த அம்மா மறுக்கவில்லை. மெத்தைக்கு அடியிலிருந்து பிளானை எடுத்து நீட்டினார்.

"உனக்காகத்தானேம்மா இவ்வளவும்?"

"தெரியும்டா. ஷட்டர் இருக்கிற இடத்துல சுவர்னு போட்டிருக்கே. முப்பது வருஷம் உங்கப்பா அந்த வழியாத்தான் வந்தார். முனை திரும்பினதும் ரெண்டு ஹாரன். நீ ஓடிப்போய் ஷட்டரைத் தூக்க முடியாம தொங்குவ. அவர் இறங்கி வந்து உன்னையும் சேர்த்தே தூக்குவார். அந்தப் பக்கம் பார்த்தா இப்பவும் வண்டி வர்ற மாதிரியே இருக்கு. வெறும் சுவரைப் பார்த்துட்டு எப்படிடா கிடப்பேன்?"

ஷட்டரில் தொங்கியதை மகன் மறந்தே போயிருந்தார்.

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். "ஆள் தங்குற அறைன்னா தரையளவுல பத்துல ஒரு பங்காவது ஜன்னல் வேணும்னு விதி. அதுக்குக் குறையக் கூடாது. கூடக் கூடாதுன்னு எங்கயும் எழுதல." சிவப்புப் பேனாவை அம்மாவிடம் கொடுத்தார். "எவ்வளவு பெருசுன்னு நீங்களே போடுங்கம்மா. பக்கத்துல நான் கையெழுத்துப் போடுறேன்."

அம்மா பிளானை மடியில் விரித்தார். சுருண்டுகொண்ட ஓரத்தை மகன் மண்டியிட்டுப் பிடித்துக்கொள்ள, சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகக் கோடு இழுத்தார்.