ஊதா மூடிக் குப்பி

"ஐயோ! லிபியா போயிட்டாளே!"

ஜூஜுவாடி மருந்து ஆய்வுக்கூடத்தில் டைரக்டர் மாதவன் போட்ட அலறல், நெடுஞ்சாலை லாரி ஹாரன்களையும் மீறிக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் ஆரோக்கியசெல்வி அவர் கண்களைப் பார்த்தாள்.

பொட்டு ஈரம் இல்லை!

மூக்கை மட்டும் சிந்தினார்... நாற்காலியில் தொங்கிய, அவருடைய ஆராய்ச்சியாளர் லிபியாவின் வெள்ளைக் கோட்டில்!

சீ! செல்வி ஓரடி தள்ளி நின்றாள்.

"இப்பத்தானே சார் ஆம்புலன்ஸ்ல ஏத்தினோம்? அதுக்குள்ள ஒப்பாரியா?"

"பேச்சு மூச்சில்லையே மேடம்! காய்ச்சல்னு முதலுதவி ரூம்ல ட்ரிப்ஸ் போட்டிருந்தாங்க. நான் போய்ப் பாத்தா கண்ணு சொருகிக் கெடக்குறா. ஹார்ட் அட்டாக்தான்!"

கான்ஸ்டபிள் பெரியதம்பி காதோரம் குனிந்தார்.

"நமக்குப் போன் போட்ட நர்ஸம்மாவ டீ குடிக்க அனுப்பினதே இவருதானாம் மேடம். ஆனா சாட்சின்னு யாரும் இல்லீங்க."

லிபியா கண் விழித்தால்தான் வழக்கு. விழிக்காவிட்டால்... இந்த ஆள் தப்பித்து மாலையும் கழுத்துமாக மேடை ஏறிவிடுவார்!

கம்ப்யூட்டர் திரையில் ரிப்பன் சுருள்களாக ஓர் உருவம். கீழே ஒரே ஒரு பெயர். மாதவன்!

"இது என்ன சார்?"

அழுகை பட்டென்று நின்றது.

"த்ராம்பின் மேடம்! ரத்தத்தை உறைய வைக்கிற என்சைம். அதுல ஒரு இடத்தை மாத்தி, படிகமா வளத்து, எக்ஸ்-ரே அடிச்சுக் கண்டுபிடிச்ச வடிவம். உலகத்துக்கே புதுசு! இப்பத்தான் ஆராய்ச்சிப் பேப்பரா எழுதி ஜெர்மனி பத்திரிகைக்கு மெயில் அனுப்பினேன்."

"யாரு கண்டுபிடிச்சது?"

"லிபி... நான்தான்!"

"எதுக்கு அந்த இடத்தை மாத்தினீங்க?"

மாதவன் திரையை உற்றுப் பார்த்தார்.

"அது... வீரியம் கூடறதுக்கு! ஒரு சொட்டு போதும். ரத்தம் கல்லாட்டம் ஆயிடும்!"

அங்கே ஒருத்தி உயிருக்குப் போராடுகிறாள். இங்கே அவள் உழைப்பில் தன் பெயரை ஒட்டிவிட்டு பெருமை பேசுகிறது ஒரு ஜென்மம்! அறைந்தால் அப்புறம் கையைக் கழுவ வேண்டுமே என்று செல்வி கைகளைக் கட்டிக்கொண்டாள்.

போன் அலறியது!

ஓசூர் ஆஸ்பத்திரி.

"என்னது? எந்திரிச்சு உக்காந்து இட்லி கேக்குறாங்களா?"

மாதவன் துள்ளி எழுந்தார்.

"பொய்! குப்பி மொத்தத்தையும் ட்ரிப்ஸ்ல ஏத்தினேன்! எப்படிப் பொழைப்பா?"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினான்.

ஆமாம், 'னான்'தான். இனி அவனுக்கு என்ன மரியாதை?

செல்வி ஸ்பீக்கரைத் தட்டினாள். லிபியாவின் குரல் கேட்டது.

"ஊதா மூடி போட்ட குப்பிதானே சார்? அது படிகத்துக்காக நான் செஞ்சது. அசல் த்ராம்பின் படிகமாகுறதுக்குள்ள தன்னையே வெட்டிக்கும். அதனால வெட்டுற இடத்தையே மாத்திட்டேன். அது வீரியம் கூடினதில்ல சார்... வீரியமே இல்லாதது! ஒரு சொட்டு ரத்தம்கூட உறையாது!"

"அப்புறம் ஏம்மா பேச்சு மூச்சில்லாம கெடந்தீங்க?" என்றாள் செல்வி.

"இவர் ஏத்துறதை அரைக்கண்ணுல பாத்துட்டேன் மேடம். முழிச்சா தலகாணிய மூஞ்சில அழுத்துவாரோன்னு பயம். பொணமாட்டம் கெடந்தேன். கிட்ட வந்து அழுதாரு பாருங்க... அந்த வாய் நாத்தத்துலதான் நெசமாவே உயிர் போகப் பாத்துச்சு!"

பெரியதம்பி விலங்கை மாட்டினார். மாதவனுக்கு இப்போதுதான் நிஜமாகவே கண்ணீர் கொட்டியது. மறுபடி அந்தக் கோட்டை நோக்கிக் கை போனது.

"தூ! அதைத் தொடாதய்யா!" செல்வி கோட்டைப் பிடுங்கினாள். "வா ஸ்டேஷனுக்கு. பங்குக்கு யாருமே வராம, உன் பேரு மட்டும் போட்டு ஒரு பேப்பர் எழுதித் தர்றேன்... எஃப்.ஐ.ஆர்!"