ஒட்டிய நகம்

நேற்று ஒட்டிய மோதிர விரல் நகம் அதே இடத்தில் மறுபடியும் பிளந்திருந்தது. சின்னவளுக்கு அது மானப் பிரச்சினை. பார்லரில் எத்தனையோ பேருடைய நகங்களைச் சரிசெய்தவள் அவள். டீ பையைப் பிரித்து, அதன் மெல்லிய தாளில் ஒரு துணுக்கு வெட்டி, வெடிப்பின் மேல் பசை வைத்து ஒட்டி, காய்ந்ததும் அரத்தால் தேய்த்துப் பாலிஷ் போட்டுவிட்டால், நகத்துக்குச் சொந்தக்காரியாலேயே கண்டுபிடிக்க முடியாது. தன் நகம் மட்டும்தான் அடம்பிடித்தது.

வெளியே சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. ஹால் மேஜையில் துண்டை விரித்து உட்கார்ந்தாள். பாலிஷ் ரிமூவரின் நெடியும், ஈரச் சுவரின் வாடையும், முதுகுக்குப் பின்னால் அக்காவின் அறைக்கதவில் சின்னவளே அடித்த நீலப் பெயிண்டின் வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையை அடைத்தன. கதவின் உள்பக்கம் மட்டும்தான் அடித்திருந்தாள். அடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் வெளியே தாழ்ப்பாளும் போட்டுவிட்டாள்.

அக்காவுக்குக் கொஞ்ச காலமாகவே புத்தி தடுமாற்றம். கதவு திறந்திருந்தால் தெருவில் இறங்கி நடந்துவிடுவாள். அதனால் மணப்பெண் அலங்காரத்துக்குப் போகும்போதெல்லாம், "ஒரு எட்டு போய்ட்டு வந்துடறேன்க்கா" என்று சொல்லி, சின்னவள் வெளியே தாழிட்டுவிட்டுப் போவாள். கடைசியாகப் போன கல்யாணத்தில் வேலை முடிந்தும் அவள் கிளம்பவில்லை. பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது அக்கா கதவோரம் கிடந்தாள். அக்காவின் மூச்சிழுப்புக்கான ஸ்ப்ரே ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. அக்காவின் நகங்களெல்லாம் பிய்ந்து, இடுக்குகளில் பழைய பெயிண்ட் ஏறியிருந்தது.

டாக்டருக்குப் போன் செய்வதற்கு முன்னால் அக்காவைக் கட்டிலில் கிடத்தி, சின்னவள் தன் பெட்டியைத் திறந்தாள். ஒரு விரல் விடாமல் சரிசெய்தாள். தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்றார் டாக்டர். அதைக் கேட்டு அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்னை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

போன் அடித்தது. வெளியூரில் இருக்கும் அண்ணன்.

"சாப்ட்டியாம்மா?"

"ம்."

"அக்கா கையே கண்ணுக்குள்ள நிக்குது. கடைசி வரைக்கும் எவ்வளவு அழகா வச்சிருந்த. பெத்த பொண்ணுகூட அப்படிப் பாத்துக்க மாட்டா."

சொல்லிவிடலாம். இப்போதாவது சொல்லிவிடலாம்.

"போறப்ப ரொம்பக் கஷ்டப்பட்டாளா? உண்மையச் சொல்லு."

தேய்க்கிற சத்தம் கேட்டது. சர்ர். சர்ர். சின்னவள் தன் கையிலிருந்த அரத்தைப் பார்த்தாள். அது அசையவில்லை.

சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கதவுக்கு உள்ளேயிருந்து.

"என்னம்மா, லைன்ல இருக்கியா?"

சர்ர். சர்ர்.

"இருக்கேண்ணா." போனைக் காதோடு அழுத்தினாள். "தூங்கிட்டே இருந்தா. அப்படியே போயிட்டா."

சத்தம் நின்றது.

"அது போதும்மா," என்றான் அண்ணன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

தாழ்ப்பாள் விலகியது. வெளித் தாழ்ப்பாள்.

சின்னவள் திரும்பவில்லை. தலையைக் குனிந்து துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயிண்ட் வாடை அவளைக் கடந்து போனது. எதிர் நாற்காலி மெதுவாக இழுபட்டது. யாரோ உட்கார்ந்தார்கள். மூச்சுக்குத் திணறும் சத்தம்.

அவளுடைய ஒரு கையில் அரம். இன்னொரு கையில் போன்.

துண்டின் மேல் இரண்டு கைகள். ஒட்டிய தாள்கள் ஒவ்வொன்றாக உரிந்து சுருண்டன. அடியில் சதை ஈரமாக இருந்தது. பார்லருக்கு வருகிறவர்கள் வைப்பதைப் போலவே, விரல்களை நன்றாக விரித்து, அவள் வேலையைத் தொடங்கட்டும் என்று அந்தக் கைகள் காத்திருந்தன.