நான்காம் தொட்டியின் மூச்சு

காலை பத்து மணிக்கு, மானிகளைச் சரிபார்க்கும் பொறியாளரான அவள் அந்த ஆலைக்குள் நுழைந்தாள். தோள்பையில் கைக்கருவி. செங்கல் அளவுதான் இருக்கும். சின்னத் திரை, நுனியில் கவ்வி வைத்த இரண்டு கம்பிகள். எந்த மானியில் கவ்வினாலும் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடும். வால்வைத் திறக்கச் சொன்னால் திறந்தும் விடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் நான்காம் தொட்டியின் நீராவி வால்வை இதே கருவியால் அவள்தான் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு வெல்டர் இருந்தான்; வெந்து செத்தான். ஆள் இருக்கிறதா என்று அவள் கேட்கவே இல்லை. விசாரணையில், "சொல்லாம கொள்ளாம உள்ள போயிட்டான்" என்றாள், வாய் கூசாமல். பழி செத்தவன் தலையில் விழுந்தது. தொட்டியையும் மூடிவிட்டார்கள்.

இன்று அதை மறுபடி ஓட்டியாக வேண்டும். துணைக்கு வந்து நின்ற ஃபிட்டரை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். வெல்டரின் அண்ணன்.

அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "மேல கை வால்வை மூடிட்டீங்களா மேடம்?" என்றார். பாய்லர் காலையிலிருந்தே எரிகிறது. கருவி நீராவி வால்வைத் திறந்துவிட்டாலும் நீராவியைத் தடுக்க, கையால் மூடும் அது ஒன்றுதான் காப்பு. இரண்டு மாடி ஏற வேண்டும்.

"மூடியாச்சு."

மூடவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

அவர் போல்ட்டுகளைக் கழற்றித் தொட்டியின் கதவைத் திறந்தார். முதலில் துரு வாடை வந்தது. அதற்குப் பின்னால், வெந்த தோலின் வாடை.

அவள் கம்பிகளைக் கவ்வினாள். காலித் தொட்டி, இரும்பு சில்லென்றிருந்தது. திரை முப்பத்தேழு டிகிரி என்றது.

உடம்புச் சூடு.

அழுத்தமானிக்கு மாறினாள். கதவு திறந்து கிடக்கும் தொட்டியில் அழுத்தம் ஏது? ஆனால் திரையில் கோடு மெல்ல ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

ஃபிட்டர் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "இது மூச்சு மேடம்."

"வெறும் காத்துங்க."

"இங்க ஒரு தூசிகூட அசையலையே."

அவள் பூஜ்ஜியமாக்கும் பொத்தானை அழுத்தினாள். கோடு படுத்துவிட்டது.

தொட்டிக்குள் யாரோ திணறினார்கள், மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினாற்போல.

பிறகு, மிக மெல்லிசாக: "அண்ணா..."

"தம்பி!" ஃபிட்டர் தலையைக் கொடுத்து உள்ளே நுழைந்துவிட்டார்.

போகாதீங்க என்று கத்த அவள் வாயைத் திறந்தாள். கத்தினால் ஏன் என்று கேட்பார். கை வால்வு திறந்திருப்பதைச் சொல்ல வேண்டும். பழைய கதையும் கிளறப்படும். ஓடிப் போய் மூடிவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு மாடிப்படிக்குத் திரும்பினாள்.

கையில் கருவி அதிர்ந்தது. அவள் கேட்காமலே திரையில் எழுத்து வந்திருந்தது.

நீராவி வால்வைத் திறக்கவா?

இல்லை என்று அழுத்தினாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள். கம்பிகளை மானியிலிருந்து பிய்த்து எடுத்தாள்.

தலைக்கு மேல் நீராவி வால்வு நிதானமாகத் திறந்தது.

உள்ளே அவர் கத்தியது கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கத்தலுக்குள் ஒரு சிரிப்பும் கேட்டது. பழகிய துணை வந்து சேர்ந்த சந்தோஷம்.

விசாரணையில் மறுபடியும் அவள் சொன்னதுதான் எடுபட்டது. தம்பி செத்த இடம், மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

மூன்று மாதம் கழித்து வேறு ஊர், வேறு ஆலை. இன்னும் பெயின்ட் வாடை போகாத புதுத் தண்ணீர்த் தொட்டி. அவள் பையிலிருந்து கருவியை எடுத்து உயிர்ப்பித்தாள். கம்பிகள் எதையும் கவ்வவில்லை, காற்றில் தொங்கின.

திரையில் இரண்டு கோடுகள் ஏறி இறங்கின, அவள் மூச்சோடு சேர்ந்தே.

அவள் மூச்சைப் பிடித்தாள்.

கோடுகளும் நின்றன. காத்திருந்தன.