இரண்டாவது ஓட்டுநர்

மச்சினன் குறட்டை விடவில்லை.

குறட்டை விடாத மச்சினனோடு ஓட்டி அவனுக்குப் பழக்கமே இல்லை. இரண்டு வருடமாக இதே லாரி, இதே ஏற்பாடு. ஒருவன் ஓட்டுவான், மற்றவன் இருக்கைக்குப் பின்னால் திரை போட்ட பலகைப் படுக்கையில் தூங்குவான். படுத்த ஐந்தாவது நிமிடம் மச்சினன் ஆரம்பித்துவிடுவான். உங்கள் வண்டிக்கு மட்டும் எப்படி இரண்டு எஞ்சின் என்று கம்பெனியில் கேலி பேசாத ஆளில்லை. இன்றைக்கு டீசல் போட்டுக்கொண்டு பெட்ரோல் பங்கை விட்டுக் கிளம்பி இருபது நிமிடம் ஆகிவிட்டது. தூறலில் நனைந்த தார்ச்சாலை டயருக்கடியில் சர்ரென்று இழுபடும் சத்தமும், வைப்பரின் ரப்பர் கண்ணாடியைத் தேய்க்கும் சத்தமும், பின்னால் கண்டெய்னருக்குள் எங்கோ ஒரு பெட்டி இன்னொரு பெட்டியை இடிக்கும் சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. குறட்டை மட்டும் இல்லை. மூச்சு இருந்தது. வைப்பர் இந்தப் பக்கம் போகும்போது உள்ளே இழுத்து, அந்தப் பக்கம் போகும்போது வெளியே விடும் மூச்சு. வைப்பரின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தான். மூச்சும் கூடியது.

அலுத்துப் படுத்தவன் எப்படி வேண்டுமானாலும் மூச்சு விடுவான், அதற்கெல்லாம் சட்டமா இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வைப்பரின் வேகத்தைக் குறைத்தான்.

விடியற்காலையிலிருந்து ஸ்டியரிங்கில் இருந்தான். இப்போது பிற்பகல் மூன்று மணி. வலது கால் பெடலில் இருப்பது குனிந்து பார்த்தால்தான் தெரியும், அந்த அளவுக்கு மரத்துப் போயிருந்தது. மரத்துப் போனது காலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன வருடம் அப்பா போய்விட்டார் என்று தங்கை அழுதுகொண்டே கூப்பிட்டபோது சரி என்று சொல்லிவிட்டு, மீதி முந்நூறு கிலோமீட்டரையும் ஓட்டி, சரக்கை இறக்கி, ரசீதில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கிளம்பினான். அழுகை அப்போதும் வரவில்லை, பிறகும் வரவில்லை. தனக்கு என்ன ஆயிற்று என்று சில நாள் கவலைப்பட்டான். அந்தக் கவலையும் நாளாக ஆக மரத்துவிட்டது.

மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். அம்மா இல்லாத வீட்டில் அவள் தூக்கி வளர்த்த தம்பி அவன். "எனக்குன்னு அவன் ஒருத்தன்தான் இருக்கான். கூட்டிட்டுப் போறது நீங்க, பத்திரமா கொண்டுவந்து விட வேண்டியதும் நீங்கதான்." அதற்கும் சரி என்றுதான் சொன்னான். அதை மட்டும் நிஜமாகவே சொன்னான்.

கைபேசி அடித்தது. தெரியாத எண். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததைத் தொட்டதும் ஸ்பீக்கரில் குரல் கேபின் முழுக்கக் கேட்டது.

"மாமா! என்ன மாமா, நட்டாத்துல விட்டுட்டுப் போயிட்டீங்க? பல்லு விளக்கப் போனவன் திரும்பி வந்து பாக்குறேன், வண்டி நின்ன இடத்துல எண்ணெய்க் கறைதான் இருக்கு. பனியனோட நிக்கிறேன், பங்குல எல்லாரும் சிரிக்கிறாங்க."

மச்சினன்.

"மாமா? கேக்குதா? இது பங்க்காரர் போன். என் போன் அங்க படுக்கையில கெடக்கு பாருங்க."

இரண்டு பேராக ஓட்டும் வண்டிகளில் இப்படி நடப்பது உண்டுதான். தூங்குகிறவன் சத்தமில்லாமல் இறங்கிப் போவான், ஓட்டுகிறவன் தெரியாமல் கிளம்பிவிடுவான். அதற்காகத்தான் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நின்ற வண்டியைக் கிளப்பும் முன் முதுகுப் பக்கத்துப் பலகையில் இரண்டு தட்டு. உள்ளே இருப்பவன் இரண்டு தட்டித் திருப்பித் தருவான். திரையை விலக்கக் கூடாது, தூக்கம் கெட்டுவிடும்.

"தட்டாமயே கிளம்பிட்டீங்களா?"

தட்டினான். நன்றாக நினைவிருந்தது. இரண்டு தட்டினான், இரண்டு திரும்பி வந்தது.

முதுகுக்குப் பின்னால் பலகை முனகியது. யாரோ ஒருக்களித்துப் படுக்கும் சத்தம். பிறகு மூச்சு நின்றது. கேட்பதற்காக நிறுத்தியது போல நின்றது.

"ஆமாடா," என்றான். "மறந்துட்டேன்."

"நல்லா மறந்தீங்க போங்க. அக்காகிட்ட சொல்லி வைக்கிறேன் இருங்க."

"திரும்பி வர்றேன். பங்குக்குள்ள வண்டியத் திருப்ப முடியாது. நீ ரோட்டு ஓரத்துல வந்து நில்லு, ஏத்திக்கிறேன்."

"சீக்கிரம் வாங்க. குளிருது."

தொடர்பு அறுந்தது. மூச்சு மறுபடி ஆரம்பித்தது.

பயமாக இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒன்று உள்ளே போய்த் தைத்தது, அதுவும் பயம்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருட்டே இல்லை. பட்டப்பகல். எதிரே பால் வண்டி வருகிறது, சைக்கிளில் ஒருவர் குடை பிடித்துப் போகிறார். நிறுத்திவிட்டுக் குதித்துவிடலாம். ஆனால் வண்டி நின்றால் தூங்குகிறவன் எழுந்துவிடுவான், ஓடிக்கொண்டிருக்கும் வரை எழமாட்டான் என்று ஒரு குழந்தைக் கணக்கு மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. பங்குக்குப் போய்விட்டால் நாலு பேர் இருப்பார்கள். மச்சினன் இருப்பான். எடைமேடைக்குப் பக்கத்துக் காலியிடத்தில் லாரியை மெதுவாக வளைத்து, வந்த வழியே திருப்பினான். திரையைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது.

மூச்சில் வாடை வந்தது. மச்சினனின் தலை எண்ணெய்தான். அதற்கடியில் வேறொன்று, ரொம்ப நாள் பூட்டிவைத்த கண்டெய்னரைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ஈர இரும்பு.

பங்குக்கு இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும்போது டாஷ்போர்டில் பெட்டி பீப் என்றது.

பீப். பீப். ஓட்டுகிற நேரம் முடிந்தது, ஆளை மாற்று என்று கம்பெனி வைத்த பெட்டி.

பின்னால் கொட்டாவி. நீளமாக. பாதங்கள் செருப்பைத் தேடித் துழாவின. திரையின் வளையங்கள் கம்பியில் நகர்ந்தன, ஒவ்வொன்றாக.

"தள்ளுங்க மாமா," என்றது மச்சினனின் குரல். "நான் ஓட்டுறேன்."

வண்டியை நிறுத்தாமலே இடம் மாறுவது இருவருக்கும் கைவந்த வேலை. கம்பெனிக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். இருந்தாலும் பத்து நிமிடம் மிச்சமாகும் என்று தினமும் செய்தார்கள். வந்தவன் கை ஸ்டியரிங்கைப் பிடிக்கும், இருந்தவன் இடுப்பைத் தூக்கிப் பக்கத்தில் நழுவுவான். தோளுக்கு மேலாக ஒரு கை வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தது. அதில் மச்சினனின் கடிகாரம். தூங்கும்போது கழற்றிப் படுக்கையில் வைத்துவிடுவானே, அது. மச்சினன் ஒருநாளும் கட்டாத விதமாக அதன் முகப்பு உள்ளங்கைப் புறமாகத் திரும்பியிருந்தது.

வேண்டாம் என்று நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் இடுப்பு எழுந்து நழுவியிருந்தது. உடம்பு அவனைக் கேட்கவில்லை. அது என்றைக்குக் கேட்டது?

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தான். முன்கண்ணாடியை மட்டும் பார்த்தான். ஓரக்கண்ணில் ஒரு தோள் தெரிந்தது. அதற்கு மேலே பார்க்கவில்லை. வண்டி வேகமெடுத்தது.

கைபேசியை எடுத்தான். விரல் நடுங்கவில்லை, அதுதான் அவனுக்கு ஆச்சரியம். அந்த எண்ணை அழுத்தினான்.

"பங்க்தாங்க," என்றார் ஒருவர். "உங்க ஆளா? அப்பவே ரோட்டுக்குப் போயிட்டாரே. மாமா வர்றாரு, ஓரமா நிக்கச் சொன்னாருன்னு. கூப்பிடட்டுமா?"

கூப்பிடுங்கள். உள்ளே இழுத்துப் போங்கள். லாரி வருகிறது, நிற்காது. எல்லாம் தொண்டை வரை வந்தது. பக்கத்தில் மூச்சு நின்றது. கேட்டுக்கொண்டிருந்தது.

"ஹலோ? கூப்பிடணுமா வேணாமா?"

"சரி," என்றது அவன் வாய்.

"என்ன சரி?"

விரல் தொடர்பைத் துண்டித்தது.

பங்கின் மஞ்சள் பலகை தெரிந்தது. அதன் கீழே, சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல், பனியனோடு ஓர் ஆள். ஒரு கையில் மூடி போட்ட காகிதக் கோப்பைகள் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. மறு கையைத் தலைக்கு மேல் ஆட்டினான். வண்டியை அடையாளம் கண்டு வாய்கொள்ளாமல் சிரித்தான்.

கத்த வேண்டும். கதவைத் திறக்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்க வேண்டும். செய்ய வேண்டியதெல்லாம் தெரிந்தது. ஒன்றும் நகரவில்லை. அந்தப் பயம்கூட எங்கோ போய்விட்டிருந்தது.

வண்டி வெள்ளைக் கோட்டுப் பக்கமாக ஒதுங்கியது. தன்னை ஏற்றத்தான் ஒதுங்குகிறது என்று நினைத்து, டீ சிந்திவிடாமல் உயர்த்திப் பிடித்தபடி, மச்சினன் சாலைக்குள் ஓர் அடி எடுத்து வைத்தான். அப்போதுதான் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

பக்கத்தில் கியர் ஏறியது. அவன் கைகள் மடியில் இருந்தன.