அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க

"ஸ்ர்ர்ர்ப்!"

சத்தம் கேட்டு நோரெலி காப்பி ருசி பார்க்கும் அறையின் வாசலிலேயே நின்றுவிட்டாள். மழையில் நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

உள்ளே வெள்ளை அங்கி போட்ட ஒருவன் கரண்டிக் காப்பியை உறிஞ்சி, கண்மூடி ருசித்து, வாசலோரம் இருந்த வாளியில் துப்பினான். வாளிக்குப் பக்கத்தில் அவளுடைய ஷூ இருந்தது. வாளி தப்பித்தது. ஷூ தப்பவில்லை.

"ஐயோ கடவுளே! மன்னிச்சுக்கோங்க... நீங்க யாரு?"

"மேல கம்ப்யூட்டர் ரூம்." அவள் ஷூவைப் பார்த்தாள். "காப்பி நல்லா இல்லையா?"

"கொஞ்சம் புளிப்பு."

சிரிப்பு வந்துவிட்டது. கடித்து விழுங்கினாள். கோபித்துக்கொள்ள அல்லவா வந்திருக்கிறாள்!

"எல்கின் நீங்கதானே? நேத்து கால்பந்து ஸ்கோர் சொல்ற ஏதோ ஒண்ணை இறக்கினீங்களா?"

"ஆமா... சின்ன ப்ரோகிராம்..."

"உங்க கணக்குக்கு முப்பத்திரண்டு கம்ப்யூட்டர்லயும் அட்மின் உரிமை இருந்துச்சு. அதான் அது எல்லாத்துலயும் போய் உக்காந்துடுச்சு. டைரக்டர் தோன்யா அம்பாரோ ஜப்பான்காரங்ககிட்ட பேசிட்டிருந்தப்போ, மொத்த ஆபீஸும் 'கோஓஓல்'னு கத்துச்சு."

அவன் முகம் வெளுத்தது. பிறகு கண்ணில் ஒரு குறும்பு. "யாரு போட்ட கோல்?"

"இன்னையிலேர்ந்து நீங்க சாதா யூசர்."

"சாதாவா... நானா? மனிசாலெஸ் ஊர் முழுக்கத் தேடினாலும் என் நாக்கு மாதிரி ஒரு நாக்கு கிடைக்காது, தெரியுமா?"

"நாக்குக்கு அட்மின் உரிமை வேண்டியதில்ல."

திரும்பிப் படியேறினாள். பாதி தூரத்தில்தான் தெரிந்தது... குடையை அங்கேயே விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை எல்கினிடமிருந்து போன்.

"தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்குத் தொந்தரவு..." அந்த ஊரில் தண்ணீர் கேட்பதென்றாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "காப்பிக்கொட்டை வறுக்கிற மெஷினோட ப்ரோகிராமைத் திறந்தா அட்மின் கடவுச்சொல் கேக்குது."

கடவுச்சொல்லைப் போனில் சொல்லக் கூடாது. மேலிருந்து இணைத்துப் பார்த்தால் கடவுச்சொல் கேட்கும் பெட்டி மட்டும் அவள் திரையில் கறுப்பாகத் தெரியும். நேரில்தான் போக வேண்டும்.

போனாள்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

அவன் சமர்த்தாக ஜன்னல் பக்கம் திரும்பினான். சும்மா இருந்தானா? "பனிமலை தெரியல... மேகம். கீழ ஒரு நாய், மழையில நனைஞ்சுக்கிட்டு யாருக்காகவோ நிக்குது. அதுவும் சாதா யூசர் போல."

கடவுச்சொல் பதினாலு எழுத்து. அவள் விரல் எட்டாவதில் தடுமாறியது. முதலிலிருந்து அடித்தாள்.

தினமும் அதேதான். போன், படி, மழை, ஜன்னல். சில நாள் கழித்து மேசையில் சூடான வெல்லத் தண்ணீரும் ஒரு துண்டு பாலாடைக் கட்டியும் காத்திருக்க ஆரம்பித்தன. கட்டியை அதில் நனைத்துத் தின்றபடி அவள் அவனுடைய பின்கழுத்தைப் பார்ப்பாள். அங்கே ஒரு சின்ன மச்சம். அது அவனுக்கே தெரியாது. அவளுக்குத் தெரியும்...

நோரெலிக்கு மட்டும் தெரிந்த இன்னொன்றும் இருந்தது. அந்த ப்ரோகிராமுக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டால், கடவுச்சொல் பெட்டி வரவே வராது. பத்து நிமிட வேலை.

நாலு மாதமாக அவள் அதைச் செய்யவில்லை.

ஒரு திங்கட்கிழமை, எல்லோரும் கூடிய கூட்டத்தில் இயக்குநர் தோன்யா அம்பாரோ கேட்டார். "எல்கின், காலைக் காப்பி மாதிரிகள் ஏன் தினமும் தாமதம்?"

"சாவிக்காரி படி இறங்கி வரணுமே, அம்மா!"

கொல்லென்று சிரிப்பு. நோரெலியின் காது மடல் சுட்டது.

"என்ன மகளே இது? அவனுக்கு அவன் மெஷின்ல மட்டும் உரிமையைக் குடுத்துடு. இன்னைக்கே."

கொடுத்தாள். ஒரு சொடுக்கு. சாதா யூசர், அட்மின் ஆகிவிட்டான். கூட்டத்துக்கு வெளியே அவன் என்னவோ சொல்ல வந்தான். அவள் நிற்கவில்லை. 'சாவிக்காரியாம்... இனி சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்.'

பதினோரு நாள். போன் வரவில்லை. அவளும் இறங்கவில்லை. பாலாடைக் கட்டி வாங்கித் தனியாகத் தின்று பார்த்தாள். உப்புக் கரித்தது.

பன்னிரண்டாம் நாள் மாலை, கணக்குகளின் பட்டியலைச் சரிபார்த்தபோது ஒரு வரி உறுத்தியது.

எல்கின்... சாதா யூசர்.

யார் மாற்றியது? வெளியாள் யாராவது நுழைந்துவிட்டானா? பதிவைத் திறந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை. குடையில்லாமல் ஓடினாள். நூற்றுப் பன்னிரண்டு படியும் எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை.

"உங்க கணக்கை யாரோ மாத்திட்டாங்க! எதையும் தொடாதீங்க!"

எல்கின் எழுந்து நின்றான். கையில், முதல் நாள் அவள் விட்டுப்போன குடை.

"நான்தான் மாத்தினேன்."

"ஏன்? சாவி உங்ககிட்டயே இருந்துச்சே!"

"இருந்துச்சு. ப்ரோகிராம் டக்குனு திறந்துச்சு. ஒரு வார்த்தை கேக்கல, யாரும் வரல..." அவன் குரல் இறங்கியது. "அன்னைக்கு எல்லாரையும் சிரிக்க வெக்கத்தான் அப்படிச் சொன்னேன். நீங்க சிரிக்கல. அதுக்கப்புறம் பதினோரு நாளா எனக்குக் காப்பி ருசியே தெரியல. இந்த நாக்குக்கு, நோரெலி! எல்லாத்தையும் ஒரே மாதிரின்னு எழுதிக் குடுத்துட்டேன். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. நீங்க தினமும் வரணும். அதுக்கு நான் சாதா யூசராவே இருந்துட்டுப் போறேன்."

முடியிலிருந்து சொட்டிய நீரை அவள் துடைக்கவில்லை. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப் போவதில்லை...

"அந்தக் கடவுச்சொல் பெட்டி இருக்கே... அது வராம பண்ணப் பத்து நிமிஷம் போதும்."

"என்னது?"

"முதல் நாளே தெரியும் எனக்கு."

அவன் குடையை மேசையில் வைத்தான். "நாலு மாசமா...?"

"நாலு மாசமா."

"அடிப்பாவி!" என்று சிரித்தான். கண்ணெல்லாம் சிரித்தது. "இப்போ சரி பண்ணிடுவீங்களா?"

"வேண்டாம்னா விட்டுடறேன்."

அவள் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள். நாலு மாதப் பழக்கத்தில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"எல்கின்... இன்னைக்குத் திரும்ப வேண்டாம். கீபோர்டைப் பாக்காதீங்க, அவ்வளவுதான். என்னைப் பாருங்க."

கடவுச்சொல் இரண்டு முறை தப்பாகப் போனது.

மழை எப்போது விட்டது என்று இருவருக்கும் தெரியாது. அன்று மாலை பனிமலை அடி முதல் உச்சி வரை பளிச்சென்று தெரிந்ததாக மறுநாள் தோன்யா அம்பாரோ சொன்னார். ஊரே பார்த்ததாம்.

அவர்கள் இருவரைத் தவிர.