ஒரு கேள்விக்கு ஒரு பிசகு

"ஏன் டீச்சர் தப்பாப் போட்ட கணக்கை அழிக்கச் சொல்றீங்க? அடுத்து வர்றவனும் அதே தப்பைத்தானே போடுவான்?"

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எப்போதோ கேட்ட இந்தக் கேள்வியிலிருந்துதான் பிசகேடு பிறந்தது என்பார்கள். உலகத்து வேதியியல் கூடங்களில் கைகூடாமல் போன சோதனைகள் அனைத்தும் அந்தத் தரவுத்தளத்தில் இருந்தன. எதை எதோடு சேர்த்தார்கள், எத்தனை சூட்டில், எந்த இடத்தில் கெட்டது என்பது வரை. வெற்றிகளைச் சேர்த்துவைத்த தரவுத்தளங்கள் முன்பே ஏராளம் உண்டு. எந்த வழியில் போகக் கூடாது என்று சொன்னது பிசகேடு ஒன்றுதான். அதற்கு ஒரே விதி. ஒரு கேள்வி கேட்க வேண்டுமானால், அதில் இதுவரை இல்லாத சொந்தப் பிசகு ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

தோல்விக்கு மதிப்பு வந்தது. 'இருநூறு பிசகு கண்ட மாப்பிள்ளை' என்று திருமண விளம்பரங்கள்கூட வெளியாயின. ஆனால் முப்பது ஆண்டுகளில் யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. எல்லோரும் பிசகேட்டைக் கேட்டுவிட்டே சோதனையைத் தொடங்கியதால் எவருக்கும் பிசகவே இல்லை. பிசகாதவரிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அதனால் கேட்கவும் வழியில்லை.

தருமபுரி நீராய்வுக் கூடத்தின் தலைவி பவுலினும் அன்று அந்த நிலையில்தான் இருந்தாள்.

காரிமேட்டுப் பள்ளிக்கு அவள் செய்துகொடுத்த வடிகலன், தண்ணீரிலிருந்த ஃபுளோரைடை இரண்டு ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருந்தது. புதிய ஆழ்துளைக் கிணற்றோடு இணைத்த பத்தாம் நாள், பிடித்ததையெல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே விடத் தொடங்கியது. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. நூற்றுநாற்பது பிள்ளைகள். பல்லில் கறை பிடிப்பதோடு நிற்காது, எலும்பும் வளையும்.

"வடிகலன் கெட்டதே ஒரு பிசகுதானே மேடம்? அதையே குடுத்துப் பாருங்களேன்" என்றார் முனிரத்தினம். இருபத்தாறு ஆண்டுகளாக அந்தக் கூடத்தின் உதவியாளர்.

"குடுத்தேன்ணா. 'இது ஏற்கெனவே பதிவாகியுள்ளது'ன்னு திருப்பிடுச்சு."

"அப்போ பதில் உள்ளேயே இருக்குது."

"இருக்குது. காட்டத்தான் மாட்டேங்குது. நாமளே ஒவ்வொண்ணாப் பார்த்தா மூணு மாசம் ஆகும். வேற பிசகு எங்கிட்ட இல்ல. பதினோரு வருஷமா ஒண்ணுகூட இல்ல."

"அதைத்தான் கூட்டத்துக்குக் கூட்டம் பெருமையாச் சொல்லிக்கினு இருந்தீங்க."

பவுலின் தலைகுனிந்தாள். முனிரத்தினம் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்குது மேடம்."

"உங்ககிட்டயா?"

"ஏன், தப்புப் பண்றதுக்கும் பட்டம் வாங்கிக்கினு வரணுமா?"

அவர் விரலை வைத்ததும், ஏற்கப்பட்டும் அதற்கான கேள்வி இன்னும் கேட்கப்படாமல் இருந்த அவருடைய பதிவு திரையில் வந்தது. நோக்கம்: மாம்பால் பட்டுப் புண்ணாகும் கைக்குக் களிம்பு. சேர்த்தவை: கடுக்காய், தேன்மெழுகு. ஏன் பலிக்கும் என்று நம்பினீர்கள்: என் வாய்ப்புண் கடுக்காயில்தான் ஆறியது. விளைவு: இரண்டாம் நாளே கொப்புளம்.

அவர் மனைவி தனபாக்கியம் மாங்கூழ் ஆலையில் மாங்காய்க் காம்பு கிள்ளுகிறவர், அதில் வடியும் பால் பட்டே அவர் கை புண்ணாகிறது என்பது பவுலினுக்குத் தெரியும்.

"அக்கா கைக்கு மருந்து கேட்கத்தானே இதை வெச்சிருக்கீங்க?"

"சீசன் முடியட்டும், நிதானமா எழுதிக் கேக்கலாம்னு இருந்தேன். அவ கை பத்து வருஷமா அப்படித்தான் இருக்குது, இன்னொரு வருஷம் தாங்கும். புள்ளைங்க எலும்பு தாங்காது. கேளுங்க மேடம்."

அவள் கேட்டாள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிய பதிவு ஒன்று வந்தது. சோடா உப்பு மிகுந்த தண்ணீரில் காரத்தன்மை ஏற ஏற, வடிகலனுக்குள் இருக்கும் வடிமணிகள் பிடித்த ஃபுளோரைடை விட்டுவிட்டன என்று அதில் இருந்தது. கீழே ஒரு வரி: 'இதில் ஐந்து மாதம் இழந்தேன். அடுத்து வருகிறவர் இழக்க வேண்டாம்.' பெயர் இல்லை. முகம் தெரியாத அந்த மனிதருக்காகப் பவுலின் ஒரு கணம் கண்மூடி ஜெபித்தாள்.

காரணம் தெரிந்த பின் வேலை எளிது. வடிகலனுக்கு முன்னால் சிறு தொட்டி வைத்து, கரியமில வாயுவைக் குமிழவிட்டுக் காரத்தைத் தணித்தாள். வடிமணிகளையும் புதிதாக மாற்றினாள். சனிக்கிழமை மாலை தண்ணீர் சோதனையில் தேறிவிட்டது. திங்களன்று பிள்ளைகள் குடித்தார்கள்.

முனிரத்தினத்துக்கு ஒரு கேள்வியைத் திருப்பித் தர வேண்டும். பிசகுவது அத்தனை கடினமா என்று நினைத்து, கைக்கு வந்த இரண்டு உப்புகளைக் கலந்து ஒன்றும் ஆகவில்லை என்று எழுதினாள். 'ஏன் பலிக்கும் என்று நம்பினீர்கள்?' என்ற கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. பிசகேடு திருப்பி அனுப்பியது: 'இதில் நம்பிக்கை இல்லை. எனவே இது பிசகு அன்று.'

அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. தோற்க வேண்டுமானால், முதலில் ஒன்று நடக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட வேண்டும்.

அவளும் களிம்பே செய்தாள். எதையும் கேட்கவில்லை, தேடவில்லை. ஃபுளோரைடைப் பிடிக்கும் வடிமணிகள் மாம்பாலையும் பிடிக்காதா என்று எண்ணி, அவற்றைக் கல்வத்தில் நைசாக அரைத்து விளக்கெண்ணெயில் குழைத்தாள். பலித்தால் தனபாக்கியத்துக்கு மருந்து. பலிக்காவிட்டால் அவர் கணவருக்கு ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும், இடது முன்கையில் களிம்பைத் தடவி அதன்மேல் மாம்பாலைச் சொட்டினாள். பலிக்க வேண்டுமென்று உண்மையாகவே வேண்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கை சிவந்து கொப்புளம் கண்டிருந்தது. எண்ணெயே மாம்பாலைத் தோலுக்குள் இறக்கிவிட்டது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அதை எழுதிக் கொடுத்தாள்.

'புதிய பிசகு. ஏற்கப்பட்டது. கேட்கும் உரிமை யாருக்கு?'

முனிரத்தினத்தின் பெயரை இட்டாள்.

'கொடுத்தவர் பெயரைத் தெரிவிக்கலாமா?'

வேண்டாம் என்று அழுத்தினாள். பிறகு, முனிரத்தினம் சாப்பிட்டு வருவதற்குள் எண்ணெய் படிந்த கல்வத்தைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.